தலைக்காயக் குடும்பங்களுக்கான அமைப்பில் நிர்வாகக் குழு உறுப்பினராகப் போகிறீர்களா? முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

தலையில் அடிபட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கும் துணை நிற்கிற ஒரு டிரஸ்டிலோ சங்கத்திலோ உங்களை நிர்வாகக் குழுவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் டாக்டராக இருக்கலாம், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியாக இருக்கலாம், உங்கள் வீட்டிலேயே ஒருவர் வண்டியிலிருந்து விழுந்ததால் இந்த வாழ்க்கைக்குள் வந்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் ஓராண்டில் என்ன செய்வது, எதைக் கேட்பது, எதில் அவசரப்படாமல் இருப்பது என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதுகிறேன்.

இந்தக் குடும்பங்களில் பெற்றோர் எல்லோரும் ஏதோ ஒரு நாள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எங்களுக்கு அப்புறம் இவன யார் பாத்துப்பாங்க?" இருபது வயதில் அடிபட்டவர் இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழப் போகிறார், அத்தனை ஆண்டும் அமைப்பும் இருந்தாக வேண்டும். குழுவில் நீங்கள் செய்கிற ஒவ்வொரு வேலையையும், வவுச்சரில் கையெழுத்துப் போடுவது உட்பட, இந்தக் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன்

அமைப்பு எந்தச் சட்டத்தில் பதிவானது என்று முதலில் கேளுங்கள். டிரஸ்டா, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் சங்கமா, 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவில் வரும் லாப நோக்கமில்லாத கம்பெனியா என்பதைப் பொறுத்து உங்கள் பொறுப்பு மாறும். டிரஸ்ட் என்றால் எல்லாம் டிரஸ்ட் டீடில் இருக்கிறது. டிரஸ்டியை எப்படிச் சேர்ப்பது, எப்படி விலக்குவது, கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது முடிவு என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம். சில பத்திரங்களில் நிறுவனருக்கு ஆயுள் முழுக்க இறுதி அதிகாரம் என்று எழுதியிருக்கும், அது தெரிந்துதான் சேர வேண்டும். சங்கம் என்றால் பைலா என்கிற சங்க விதிகள், பொதுக்குழு, தேர்தல், குழு மாறும்போதெல்லாம் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிப்பது. 8-ஆம் பிரிவு என்றால் நீங்கள் ஓர் இயக்குநர், மற்ற கம்பெனி இயக்குநருக்கு உள்ள கடமைகள் பெரும்பாலும் உங்களுக்கும் உண்டு.

அப்புறம் நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: டீட் அல்லது பைலா, கடைசி மூன்று ஆண்டுகளின் ஆடிட் அறிக்கை, கடைசி ஓராண்டின் மினிட்ஸ், வேலை செய்கிறவர்கள் பட்டியல் சம்பளத்தோடு. கொடுக்கத் தயங்கினால் கிடைக்கும்வரை சம்மதம் சொல்லாதீர்கள். நம் ஊரில் லெட்டர்பேடில் ஒரு டாக்டர் பெயர், ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி பெயர் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம் என்று எண்ணாதீர்கள், கணக்கில் கோளாறு வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் அந்தப் பெயருக்குரியவரும் ஒருவர். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறார்கள், உங்களிடமிருந்து நன்கொடையும் எதிர்பார்க்கிறார்களா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்த மாதிரி அமைப்புகள் பெரும்பாலும் ஒரு வீட்டிலிருந்து பிறக்கின்றன. அமெரிக்காவில் மேரிலின் பிரைஸ் ஸ்பிவாக் என்ற தாய், மகள் கார் விபத்தில் அடிபட்டபின் பட்ட அலைச்சலில் 1980-இல் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்க மூளைக்காயச் சங்கம். இந்தியாவில் ஜோத்பூர் அரச குடும்பத்தின் கஜ் சிங், மகன் 2005-இல் போலோ ஆட்டத்தில் தலையில் அடிபட்டதற்குப் பிறகு, 2007-இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். உங்கள் அமைப்பின் நிறுவனரும் அநேகமாக ஒரு அம்மாவாகவோ கணவனாகவோ அண்ணனாகவோ இருப்பார். அவருடைய துயரமும் அமைப்பும் பிரிக்க முடியாதபடி பின்னிப் போயிருக்கும், அதை மதியுங்கள். ஆனால் வீட்டுக் கணக்கும் அமைப்புக் கணக்கும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது உங்கள் வேலை, அவருக்கும் அது நல்லது.

காயத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டுப் போடாதீர்கள்

முதல் மூன்று மாதம் இதற்காகத்தான். பட்ஜெட்டைவிட இது முக்கியம் என்பேன்.

கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட அளவுகோலை வைத்துத்தான் இன்றும் தலைக்காயத்தைப் பிரிக்கிறார்கள். கண் திறப்பது, பேசுவது, அசைவது என்று மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லேசான காயம்' என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது விபத்து நடந்த நேரத்து நினைவு நிலையைச் சொல்கிறது. அந்த ஆள் திரும்ப வேலைக்குப் போக முடியுமா, மனைவியிடம் எரிந்து விழாமல் இருக்க முடியுமா என்பதை அது சொல்லாது.

மண்டையின் முன்பக்கத்து மூளை அடிபட்டால் கோபத்தை அடக்குவது, திட்டமிடுவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது எல்லாம் கெடும். ஒருவர் நாள் முழுக்கக் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார், வீட்டில் 'சோம்பேறி ஆயிட்டான்' என்பார்கள். இன்னொருவர் கையில் கிடைத்த பணத்தையெல்லாம் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார். சிலருக்குத் தனக்குக் குறை இருக்கிறது என்பதே தெரியாது, அவர் பிடிவாதம் பிடிப்பதாக எல்லோரும் நினைப்பார்கள், உண்மையில் அந்த உணர்வைத் தருகிற பகுதியே காயம்பட்டிருக்கும். இதோடு அசதி, வெளிச்சமும் சத்தமும் தாங்காதது, வலிப்பு, வாசனை தெரியாமல் போவது. கை கால் நன்றாக இருப்பதால் 'பாத்தா நல்லாத்தானே இருக்கான்' என்று ஊர் சொல்லும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அடிபட்ட நாளைவிட இந்தப் பேச்சு அதிகமாக வலிக்கும்.

உங்கள் அமைப்பு யாருக்காக என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். விபத்துத் தலைக்காயம் மட்டுமா, பக்கவாதம், மூளைக்காய்ச்சல், கட்டி, மாரடைப்பின்போதோ நீரில் மூழ்கியோ ஆக்சிஜன் இல்லாமல் மூளை பாதித்தவர்களும் உண்டா? இது தெளிவாக இல்லாத இடத்தில் வாசலுக்கு வருகிற குடும்பத்தை ஒரு ஊழியர் சேர்த்துக்கொள்வார், இன்னொருவர் திருப்பி அனுப்புவார்.

தமிழ்நாட்டில் அடிபட்ட உடனே கிடைக்கிற உதவி முன்பைவிட நிறைய மாறியிருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். முன்பு வழியிலேயே இறந்திருக்கக் கூடிய பலர் இப்போது பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். வந்தபின்தான் பள்ளம் தொடங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூரில் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு, பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்று சில இடங்களைச் சொல்லலாம். ஆனால் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற ஒரு குடும்பம் வாரத்துக்கு மூன்று நாள் இங்கெல்லாம் எப்படி வந்து போகும்? பேச்சுப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி என்று ஒன்று இருப்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை. உங்கள் அமைப்பு நிற்பது இந்தப் பள்ளத்தில்தான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, குடும்பங்கள் கூடுகிற கூட்டத்தில் போய் உட்காருங்கள். இரண்டு மூன்று முறை போங்கள். பேசாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், எனக்குத் தெரிந்த ஒரு சித்த வைத்தியர் இருக்கிறார் என்று தொடங்காதீர்கள். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

குடும்பங்கள் கேட்கிற கேள்விகளுக்குக் குழுவுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்

நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பதா, ஒரு வக்கீலை மாதம் ஒரு நாள் வரவைப்பதா என்று முடிவெடுப்பது நீங்கள்தானே. மூன்று சிக்கல்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அதில் தலைக்காயம் என்று தனி வகை கிடையாது. கை கால் இயக்கம், பேச்சு, பார்வை, மனநோய் என்று எதில் எவ்வளவு பாதிப்போ அதைப் பிரித்துத்தான் சதவீதம் போடுகிறார்கள், பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நடக்க முடிகிறவர், பேச முடிகிறவர், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னது நினைவில் நிற்காதவர் இந்தக் கணக்கிலிருந்து எளிதாக விடுபட்டுப் போகிறார். மருத்துவ வாரியத்துக்குப் போகும்போது எந்தெந்தப் பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு உங்கள் அமைப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை எழுத வைப்பது நல்ல முதல் வேலை.

இரண்டாவது காப்பாளர் பிரச்சினை, அதாவது அடிபட்டவர் சார்பில் முடிவெடுக்கச் சட்டப்படி யாருக்கு அதிகாரம் என்பது. அடிபட்டவர் பெயரில் வங்கிக் கணக்கு, அவர் கையெழுத்துப் போட முடியாத நிலை, மனைவி போய்க் கேட்டால் பணம் தர மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலேயே காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கு மட்டும்தான். வயது வந்தபின் கோமாவில் கிடப்பவருக்காகக் குடும்பங்கள் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விபத்து நஷ்டஈடு. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மனு போட ஆறு மாதம் என்று வரம்பு வைத்தது. ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பணம், கணக்கு

ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள், பொருளாளரும் கூட இருக்கட்டும். வருமான வரி விலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருகிற பதிவு இரண்டும் எந்தத் தேதிவரை செல்லும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் 12ஏ, 80ஜி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் ஃபார்ம் எண்களும் மாறுகின்றன, எந்த ரசீதில் எந்த எண் போட வேண்டும் என்பதை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பது விழாக்களில் மறந்துபோகிற விஷயம்.

வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பது விதி. அப்படியானால் 'பெற்றோருக்குப் பிறகு' தங்குகிற ஒரு இல்லம் கட்ட எப்படிச் சேர்ப்பது? இரண்டு வழி உண்டு. என்ன காரணத்துக்காகச் சேர்க்கிறோம் என்று தீர்மானம் போட்டு, வருமான வரித் துறைக்கு உரிய ஃபார்மில் தெரிவித்து ஐந்து ஆண்டுவரை ஒதுக்கி வைக்கலாம். இல்லையென்றால் நன்கொடையாளர் 'இது நிரந்தர நிதிக்கு' என்று எழுத்தில் தந்தால் கார்பஸ் நிதியாக வைக்கலாம், அதைத் தனியாக, விதிப்படியான முதலீட்டில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் இதுவரை செய்யாத அமைப்பு என்றால் கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குக்கூட இல்லையென்றால் மற்ற எல்லாத் திட்டத்துக்கும் முன்னால் அதைப் பேச வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகவும் கவனம் தேவை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்க முடியாது, பதிவு இருந்தாலும் அந்தப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அனுப்புகிறார் என்றால் அவர் கையில் எந்தப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். நல்ல மனதோடு கொடுத்த பணம் அமைப்பையே மூட வைக்கக் கூடாது.

காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கூட்டம் நடத்துகிற விதம்

அடிபட்டு மீண்டவர்கள் குழுவில் இருக்க வேண்டும், ஒருவர் போதாது, குறைந்தது இரண்டு பேர். ஒருவர் மட்டும் இருந்தால் அவரை மேடையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே இருக்கிறார்கள் என்றால் அவர்கள் கூட்டத்தில் உண்மையில் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். பேசவில்லை என்றால் கோளாறு கூட்டத்தில்தான், அதை மாற்றலாம்.

அஜெண்டாவை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியத்தில், எந்தக் கேள்விக்கு முடிவு வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி. போன கூட்டத்தில் என்ன முடிவானது என்று அரைப் பக்கம் மேலே போட்டுவிடுங்கள், ஞாபகம் இல்லை என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. காலையில் வையுங்கள், மாலையில் அசதி கூடிவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் கட்டாயம் ஒரு இடைவேளை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்பதைத் தலைவர் உறுதியாகப் பார்த்துக்கொள்ளட்டும். பேச்சு திக்கித் திணறி வருகிறவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள், காத்திருங்கள், ஒரு நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். வலிப்பு வருகிறவர் வண்டி ஓட்ட முடியாது, ஆட்டோ செலவை அமைப்பு கொடுக்கலாம், அதற்கு வவுச்சர் போடுங்கள். யாருக்காவது சட்டென்று கோபம் வரும் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் என்ன செய்தால் தனக்கு நல்லது என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி நடத்தினால் மற்றவர்களுக்கும் கூட்டம் தெளிவாகவே இருக்கிறது, என் அனுபவத்தில் வெட்டிப் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும்.

படம், கதை, சம்மதம்

நன்கொடை திரட்ட உருக்கமான படம் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். தையல் போட்ட தலை, மூக்கில் குழாய், பக்கத்தில் அழுகிற அம்மா. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், நீங்களும் இருங்கள். அந்தப் படத்தில் இருப்பவர் அப்போது சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. ஆறு மாதம் கழித்து அவர் வேலை தேடும்போது, பெண் பார்க்கப் போகும்போது அந்தப் படம் இணையத்தில் கிடக்கும். சம்மதம் கொடுக்கும் நிலையில் இருப்பவரிடமும் ஒரு நாள் கேட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள், மறந்திருக்கலாம், மனசு மாறியிருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம் என்று எழுதிக் கொடுங்கள். குடும்பங்களின் மருத்துவ அறிக்கைகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

சொந்த லாபம் கலக்கிற இடங்கள்

குழுவில் இருக்கிற நரம்பியல் நிபுணர், பிசியோதெரபி மையம் நடத்துகிறவர், விபத்து வழக்கு வக்கீல், மருந்து விற்பனை செய்கிறவர் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் அமைப்புக்கு வருகிற குடும்பம் நேராக அவருடைய மையத்துக்கு அனுப்பப்பட்டால் அது சரியில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் தங்கள் தொழில் தொடர்புகளை எழுத்தில் தர வேண்டும், சம்பந்தப்பட்ட விஷயம் பேசப்படும்போது எழுந்து வெளியே போக வேண்டும், போனார் என்று மினிட்ஸில் பதிய வேண்டும். எந்தக் குடும்பத்துக்கும் குறைந்தது மூன்று இடங்களின் பெயரைக் கொடுங்கள். நஷ்டஈட்டுப் பணம் பெரிய தொகையாக வரும்போது சுற்றி ஆட்கள் கூடிவிடுவார்கள், அந்தக் கூட்டத்தில் உங்கள் குழுவில் இருப்பவர் ஒருவரும் இருக்கக் கூடாது.

வேலை செய்கிறவர்கள்

ஃபோன் எடுக்கிற பெண் ஒரு நாளில் எத்தனை அழுகையைக் கேட்கிறார் என்று குழுவுக்குத் தெரிவதில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருவது அரிதல்ல. அப்படி ஒரு அழைப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது என்று எழுதி மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இரவு பகலாக இயங்குகிறது, அதுவும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஊழியருக்கே பேச ஓர் ஆள் வேண்டும் என்பதைப் பட்ஜெட்டில் எழுதுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்.

ஊழியரிடம் நேராகப் போய் உத்தரவு போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் செயலாளரிடமோ நிர்வாக அலுவலரிடமோ கேளுங்கள்.

ஆண்டு முடிவதற்குள் கேட்டாக வேண்டிய கேள்வி

நிறுவனர் நாளைக்குப் படுத்துவிட்டால் அமைப்பை யார் நடத்துவார்கள்? இதைக் கூட்டத்தில் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும், முதலில் அவரிடம் தனியாகக் கேளுங்கள், மரியாதையோடு, அவர் வீட்டுக்கே போய். பெரும்பாலும் அவரும் அந்தக் கவலையில்தான் இருப்பார், கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கும். அப்புறம் சொத்துப் பத்திரம், பான், வங்கி, இணையதளக் கடவுச்சொல், எந்தக் குடும்பத்துக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் எல்லாம் ஒருவர் தலைக்குள் இல்லாமல் ஒரு கோப்பில் வந்துவிட வேண்டும். அடுத்த தலைமுறையை, குறிப்பாக அடிபட்டவர்களின் தம்பி தங்கைகளை, இப்போதே துணைக்குழுக்களில் சேருங்கள்.

நீங்கள் விலகும் நாளும் வரும். எழுத்தில் ராஜினாமா கொடுங்கள், அது ஏற்கப்பட்ட தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் உங்கள் கையெழுத்து நீக்கப்பட்டதா, பதிவாளரிடமோ கம்பெனிப் பதிவாளரிடமோ இருக்கிற பதிவிலும் வருமான வரித் தளத்திலும் பெயர் மாற்றப்பட்டதா என்று சரிபாருங்கள். உங்களுக்குப் பதில் வருகிறவரோடு இரண்டு கூட்டமாவது சேர்ந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள், குடும்பங்களின் கூட்டத்துக்கும் அவரை ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள்.